விக்கெட் கீப்பராக ஒரு தொழில் வாழ்க்கை: செட்டிநாட்டுப் பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் வட்டாரத்தில் கோடைப் பயிற்சி தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும், கீப்பிங் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளும் அவர்களை அழைத்து வரும் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பொதுவான கிரிக்கெட் விவரங்களைத் தவிர்த்து, கீப்பருக்கு மட்டும் உரியவற்றைக் கீழே எழுதியிருக்கிறோம்.

கீப்பிங்கை மட்டும் நம்பித் தொழில்முறை கிரிக்கெட்டில் நிலைக்க முடியுமா?

இன்றைய நிலையில் முடியாது. பதினொருவரில் வேகப்பந்து வீச்சாளருக்கு மூன்று இடம் உண்டு, சுழலுக்கு இரண்டு இடம் உண்டு, கீப்பருக்கு இருப்பதோ ஒரே இடம். அந்த ஓர் இடத்தில் நிற்பவர் ஆறாவது அல்லது ஏழாவது ஆட்டக்காரராக இறங்கி ரன் எடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு முன்பே இருந்தாலும், ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட் 96 டெஸ்ட்களில் 17 சதங்களுடன் 5,570 ரன் குவித்த பிறகு அது எழுதப்படாத விதியாகவே ஆகிவிட்டது. 2003 உலகக் கோப்பையில் இந்தியா கூடுதலாக ஓர் ஆட்டக்காரரைச் சேர்ப்பதற்காக ராகுல் திராவிட்டின் கையில் கிளவுஸைக் கொடுத்தது நினைவிருக்கலாம். முழுநேரக் கீப்பர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாநிலத்து எடுத்துக்காட்டு கோயம்புத்தூரைச் சேர்ந்த என். ஜெகதீசன். 2022 நவம்பரில் மாநில அணிகளின் ஒருநாள் போட்டியான விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் 277 ரன் எடுத்தார்; அந்தத் தொடரில் அது அவருக்குத் தொடர்ச்சியான ஐந்தாவது சதம். அன்று தமிழ்நாடு 2 விக்கெட் இழப்புக்கு 506 ரன் எடுத்தது. 2025 ஜூலையில் ரிஷப் பந்த் காயமடைந்தபோது ஜெகதீசனை இங்கிலாந்துக்கு அழைத்தார்கள் என்றால், அவருடைய கீப்பிங் நன்றாக இருந்தது மட்டும் அதற்குக் காரணமில்லை. ஆகவே எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறோம்: நெட்ஸில் கீப்பிங்குக்கு ஒரு மணி நேரம் என்றால் பேட்டிங்குக்கும் ஒரு மணி நேரம்.

அப்படியானால் கீப்பிங் திறமைக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. குறிப்பாகத் தமிழ்நாட்டில் அது வெளிச்சத்துக்கு வரும் வாய்ப்பு அதிகம். சுழல் எடுக்கும் ஆடுகளங்களில் ஆடும் அணிக்கு, ஸ்டம்பை ஒட்டி நின்று பந்தைப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் விட்டுவிடும் ஒரு ஸ்டம்பிங்கை (கோட்டைவிட்டு வெளியே வந்த ஆட்டக்காரரைக் கீப்பர் ஸ்டம்பைத் தட்டி ஆட்டமிழக்கச் செய்வது) மூடி மறைத்துவிடலாம், நான்கு நாள் ஆட்டத்தில் அது ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளை வீழ்த்தியதை எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் கீப்பர் கிரண் மோரே 6 ஸ்டம்பிங் செய்தார், அதில் 5 இரண்டாவது இன்னிங்ஸில் வந்தவை என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஒரு டெஸ்டில் அதிக ஸ்டம்பிங் என்ற சாதனை இன்றும் அதுதான். இறங்கி வந்து அடிக்கும் ஆட்டக்காரர்களுக்கு எதிரே, எழும்பியும் திரும்பியும் வரும் பந்தைத் தவறாமல் பிடிக்க ஒருவர் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பதினாறு என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இடையில் ஒரு செய்தி. சேப்பாக்கம் கீப்பர்களுக்கு ராசியான மைதானம். 1967இல் ஃபரூக் இன்ஜினியர் மேற்கிந்தியத் தீவுகளின் பந்துவீச்சை முதல் நாள் மதிய உணவுக்கு முன்பே 94 ரன்னுக்கு விளாசி, 109 ரன்னில் ஆட்டமிழந்தார். தோனியின் முதல் டெஸ்ட் 2005 டிசம்பரில் அங்கேதான். 2013இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்த 224 ரன்னும் அங்கேதான். கார் விபத்தில் படுகாயமடைந்து மீண்ட ரிஷப் பந்த் 2024 செப்டம்பரில் டெஸ்டுக்குத் திரும்பியபோது சதம் அடித்ததும் அதே மைதானத்தில், அவர் எடுத்ததும் 109. அந்த அரங்கத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம், கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன், 1960 முதல் 1963 வரை இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

செட்டிநாட்டிலிருந்து மாநில அணி வரை வழி எப்படிச் செல்கிறது?

முதல் படி மாவட்டச் சங்கம். செட்டிநாட்டு ஊர்கள் ஒரே மாவட்டத்தில் இல்லை என்பதைப் பெற்றோர் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம். இராயவரம், இராமச்சந்திரபுரம், பொன்னமராவதி ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம். ஆகவே எந்த மாவட்டத்தில் பதிவு செய்வது என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மாவட்ட அணிக்காக வயதுப் பிரிவுப் போட்டிகளில் நன்றாக ஆடினால் மாநிலத் தேர்வு முகாமுக்கு அழைப்பு வரும். அங்கிருந்து 16 வயதுக்குட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, 19 வயதுக்குட்பட்டோருக்கு கூச் பெஹார் கோப்பை, 23 வயதுக்குட்பட்டோருக்கு சி.கே. நாயுடு கோப்பை, அதற்கு மேல் ரஞ்சி என்று படிகள் போகின்றன.

இவற்றுக்கு இணையாக இன்னொரு பாதை உண்டு, எங்கள் பார்வையில் அதுவே முக்கியமானது: சென்னை லீக். நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் அணிகள் பல டிவிஷன்களில் ஆடுகின்றன. முதல் டிவிஷனில் ஆடும் கீப்பரைத் தேர்வாளர்கள் பார்க்காமல் விடுவதில்லை. கீழ் டிவிஷன் அணி ஒன்றில் இடம் கிடைத்தாலும், விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய் ஆடிவிட்டு வருவது வீண்போகாது. ஆனால் ஏற்கெனவே இரண்டு கீப்பர்கள் உள்ள அணியில் மூன்றாமவராகச் சேர்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெயர் பெற்ற அணியின் பெஞ்சில் உட்கார்வதைக் காட்டிலும் பெயர் தெரியாத அணியில் வாரந்தோறும் ஐம்பது ஓவர் குனிந்து எழுவது மேல்.

தமிழ்நாடு பிரீமியர் லீகில் காரைக்குடி அணி இருந்ததே, இப்போது இல்லையா?

2016இல் லீக் தொடங்கியபோது காரைக்குடி காளை என்ற அணி இருந்தது. பின்னர் அது திருப்பூர் தமிழன்ஸ் என்று மாறிவிட்டது. அந்த அணியின் பெயரில் ஊர் இருந்தது, அவ்வளவுதான். வீரர்கள் மாநிலம் முழுவதிலுமிருந்து தேர்வாகிறவர்கள். எனவே அது போனதால் நம் பிள்ளைகளுக்கான வாசல் அடைபட்டுவிடவில்லை. லீக் ஆட்டங்களை நேரில் பார்க்க விரும்புவோருக்கு நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. போனால் பந்தைப் பார்க்காமல் கீப்பரின் கால்களை மட்டும் பத்து ஓவர் பாருங்கள்.

உயரம் குறைந்த பிள்ளைகள்தான் கீப்பராக முடியுமா?

இல்லை. கில்கிறிஸ்ட் ஆறடிக்கு மேல் உயரம். 17 வயதில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய பார்த்திவ் படேல் குள்ளமானவர்.

மேட்டிங் விரிப்பில் ஆடிப் பழகிய பிள்ளைக்கு டர்ஃபில் (விரிப்பில்லாத இயற்கை ஆடுகளத்தில்) என்ன சிக்கல் வரும்?

எங்கள் வட்டாரத்தின் பெரிய சிக்கலே இதுதான். இங்கே பெரும்பாலான ஆட்டங்கள் செம்மண் தரையில் மேட்டிங் விரித்து நடக்கின்றன. மேட்டிங்கில் பந்து ஒரே சீராக, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையில் எழும்பி வரும். அதில் பழகிய பிள்ளை தன்னையறியாமல் சீக்கிரமே எழுந்து நின்றுவிடுகிறான். பந்தும் கைக்கு வந்துவிடுவதால் அது தவறு என்று யாருக்கும் தெரிவதில்லை. அதே பிள்ளை மாவட்டத் தேர்வில் டர்ஃபில் நிற்கும்போது மூன்றாவது பந்து கணுக்கால் உயரத்தில் வந்து கால்களுக்கிடையே போய்விடும், பை ரன் (மட்டையில் படாமல் கிடைக்கும் ரன்) நான்கு. தேர்வாளர் நோட்டில் எதையோ எழுதிக்கொள்வார்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: பந்து தரையில் பட்டு எழும்பும்போது அதனுடன் சேர்ந்தே உடலும் எழும்ப வேண்டும், அதற்கு முன்பு எழக் கூடாது. எடை குதிகாலில் இல்லாமல் முன்பாதத்தில் இருக்க வேண்டும். கிளவுஸ் தரையைத் தொட்ட நிலையில் தொடங்கி மேலே வருவது எளிது. மேலேயிருந்து கீழே இறக்குவது பெரும்பாலும் தாமதமாகிவிடும். டர்ஃப் கிடைக்காதவர்கள் மேட்டிங்கின் ஒரு பகுதியில் அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டால் சீரற்ற எழுச்சி ஓரளவு கிடைக்கும். ஆனால் அப்படிப் போட்ட இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் யாரையும் நிற்க விடாதீர்கள்.

டென்னிஸ் பால் ஆட்டம் மட்டுமே ஆடிய பிள்ளைகளுக்கு வேறொரு பழக்கம் ஒட்டியிருக்கும். அந்தப் பந்து துள்ளி வெளியே ஓடிவிடும் என்பதால் அதைப் பாய்ந்து கவ்வுவார்கள். தோல் பந்தை அப்படிக் கவ்வினால் விரல்தான் மடங்கும்; பந்து வந்து விழும்படி கை காத்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்?

செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்கு வேறெங்கும் கிடைக்காத விடை இருக்கிறது. பழைய வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்துப் பூசப்பட்டவை. கண்ணாடி போல வழவழப்பானவை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோ பந்தை வழுக்கிக்கொண்டு போகவிடும். இரண்டும் கூடும் வளவின் (உள்முற்றத்தின்) ஓரத்தில் சுவரிலிருந்து எட்டடி தள்ளிக் குனிந்து நின்று, கையில் கிளவுஸ் இல்லாமல் டென்னிஸ் பந்தைச் சுவரின் அடிப்பகுதியை நோக்கி எறிந்தால் அது தரையில் ஒரு முறை பட்டு, தாழ்வாக, எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பி வரும். மேட்டிங்கில் கிடைக்காத தாழ்ந்த பந்து இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் இரு கையாலும் பிடியுங்கள், பிறகு வலக்கையால் மட்டும், பிறகு இடக்கையால் மட்டும். அடுத்து, வளவுத் தூண் ஒன்றை ஆட்டக்காரராகக் கொண்டு அதற்குப் பின்னால் நில்லுங்கள். இன்னொருவர் தூணுக்கு முன்னாலிருந்து ஒரு பக்கமாகப் பந்தை உருட்டட்டும். பந்து தூணுக்குப் பின்னால் மறையும் அந்த நொடியில் கண் இமைக்காமல் இருப்பதுதான் லெக் சைட் ஸ்டம்பிங்குக்கான பயிற்சி. ஆயாவின் தூக்க நேரத்தையும் சுவரில் மாட்டிய தஞ்சாவூர்ப் படங்களையும் கருதி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கால்களுக்கான பயிற்சியை விடக் கூடாது. டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர் வீசப்பட்டால் கீப்பர் குறைந்தது 540 முறை குனிந்து எழுகிறார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எடை தூக்கும் பயிற்சி வேண்டாம். குன்றக்குடி மலைப் படிகளில் வாரம் இருமுறை ஏறி இறங்குவது போதும்.

கிளவுஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அளவை. வளரும் பிள்ளை என்று ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கித் தருவது செருப்புக்குச் சரி, கிளவுஸுக்குச் சரிப்படாது. விரல் நுனிக்கும் கிளவுஸ் நுனிக்கும் இடையில் காலியிடம் இருந்தால் பந்து அங்கேதான் வந்து இடிக்கும். மீரட், ஜலந்தர் தயாரிப்புகளில் நடுத்தர விலையுள்ளவையே பள்ளி அளவுக்குப் போதுமானவை. கிளவுஸுக்குள் அணியும் மெல்லிய கையுறையான இன்னர் இரண்டு ஜோடி அவசியம், ஏனெனில் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே ஒரு ஜோடி பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். நனைந்த கிளவுஸை மாடியில் வெயிலில் காயப்போட்டால் தோல் முறுக்கிக்கொண்டு விறைத்துவிடும். நிழலில் காற்றாட வையுங்கள்.

விரல்கள் கோணிப்போகும், கண்ணில் அடிபடும் என்கிறார்களே?

இந்த அச்சம் நியாயமானது, அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. நெடுங்காலம் ஆடிய கீப்பர்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். நுனி விரலில் பந்து நேராகப் பட்டு, நுனி நிமிராமல் தொங்கினால் அதை நீவி விடாமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சில வாரங்கள் பட்டை கட்டினால் சரியாகக் கூடியது, தள்ளிப்போட்டால் நிரந்தரமாகிவிடும்.

கண் விஷயத்தில் சமரசமே கூடாது. இந்தியக் கீப்பர் சபா கரீம் 2000ஆம் ஆண்டு டாக்காவில் கும்ப்ளேயின் பந்து வலக்கண்ணில் பட்டதால் கிரிக்கெட்டையே விட வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர், மூன்று வகை ஆட்டங்களிலும் சேர்த்து 999 பேரை ஆட்டமிழக்கச் செய்தவர், 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் இம்ரான் தாஹிரின் பந்தில் தெறித்த பெயில் (ஸ்டம்பின் மேல் வைக்கும் சிறு கட்டை) கண்ணில் பட்டதால் ஆயிரத்தைத் தொடாமலே ஓய்வு பெற்றார். இருவருக்கும் அடிபட்டது சுழற்பந்து வீச்சுக்கு நிற்கும்போதுதான். வேகப்பந்துக்குப் பின்னால் தள்ளி நிற்பதால் ஆபத்து குறைவு. மெதுவான பந்து என்று எண்ணி ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போதுதான் ஹெல்மெட் கட்டாயம்.

கீப்பர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விதிகள் எவை?

தேர்வு ஆட்டங்களில் அடிக்கடி பிள்ளைகளைச் சிக்கவைப்பவற்றை மட்டும் சொல்கிறோம். பந்து மட்டையையோ ஆட்டக்காரரையோ தொடும்வரை, அல்லது ஸ்டம்பைக் கடக்கும்வரை, அல்லது ஆட்டக்காரர் ரன்னுக்கு முயலும்வரை கீப்பர் முழுவதுமாக ஸ்டம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆர்வத்தில் கிளவுஸை முன்னே நீட்டிப் பிடித்தால் ஸ்டம்பிங் போய் நோ பால் ஆகும். வைடு பந்தில் ஸ்டம்பிங் உண்டு, நோ பாலில் கிடையாது. கழற்றித் தரையில் வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டால் எதிரணிக்கு 5 ரன். கீப்பர் காயமடைந்தால், நடுவர்களின் சம்மதத்துடன் மாற்று வீரர் கீப்பிங் செய்யலாம் என்பது 2017 விதித்தொகுப்பில் வந்த மாற்றம். 2025இல் லார்ட்ஸ் டெஸ்டில் ரிஷப் பந்த்துக்கு விரலில் அடிபட்டபோது துருவ் ஜுரேல் அப்படித்தான் நின்றார். மாற்று வீரர் பேட்டிங் செய்ய முடியாது.

வருமானம் எவ்வளவு இருக்கும்?

இந்திய வாரியம் 2021 செப்டம்பரில் அறிவித்த கட்டணப்படி, ரஞ்சி ஆட்டத்தில் பதினொருவரில் இடம்பெறும் புதிய வீரருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். 20 ஆட்டங்களைத் தாண்டியவருக்கு 50,000. 40 ஆட்டங்களைத் தாண்டியவருக்கு 60,000. நான்கு நாள் ஆட்டம் ஒன்றுக்குப் புதியவர் 1,60,000 ரூபாய் பெறுவார். பதினொருவரில் இல்லாத மாற்று வீரருக்குப் பாதி. கீப்பருக்கு இந்தப் பாதிதான் முக்கியமான செய்தி, ஏனென்றால் இரண்டாவது கீப்பர் ஒரு பருவம் முழுவதையும் அந்தப் பாதியிலேயே கழிக்கக்கூடும். 2024 நவம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த்தை லக்னோ அணி 27 கோடிக்கு எடுத்தது உண்மை. அந்த எண்ணை வைத்து வீட்டுக் கணக்குப் போட வேண்டாம்.

முதல் கீப்பர் நன்றாக ஆடிக்கொண்டே இருந்தால் இரண்டாமவர் என்ன செய்வது?

இந்தத் தொழிலின் கடினமான பகுதி இது. பெற்றோர் கேட்காவிட்டாலும் நாங்களே எடுத்துச் சொல்லும் பகுதியும் இதுதான். விருத்திமான் சாஹா 2010இல் முதல் டெஸ்ட் ஆடினார். தோனி 2014 இறுதியில் டெஸ்டிலிருந்து ஓய்வு பெறும்வரை அவருக்கு அவ்வப்போதுதான் வாய்ப்பு வந்தது. மொத்தம் 40 டெஸ்ட்களோடு முடித்துக்கொண்ட அவர், தம் காலத்தின் மிகச் சிறந்த கைகளுக்குச் சொந்தக்காரர் என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த பரத் ரெட்டி 1979 இங்கிலாந்துப் பயணத்தில் 4 டெஸ்ட் ஆடியதோடு சரி. அதன் பிறகு முதல் கீப்பரான சையத் கிர்மானி அணிக்குத் திரும்பி வந்துவிட்டார்.

தினேஷ் கார்த்திக் வேறொரு வழியைக் காட்டினார். 2004இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய அவரிடமிருந்து அடுத்த ஆண்டே தோனி டெஸ்ட் இடத்தைப் பெற்றுக்கொண்டார். கார்த்திக் தொடக்க ஆட்டக்காரராக மாறி 2007 இங்கிலாந்துத் தொடரில் ஆடினார். பிறகு கடைசி ஓவர்களில் அடித்து முடிப்பவராக மாறினார். 2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் 8 பந்துகளில் 29 ரன் எடுத்து, கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து வென்றது அந்த மாற்றத்தின் விளைவு. 26 டெஸ்ட், 94 ஒருநாள், 60 இருபது ஓவர் ஆட்டங்கள் என்ற கணக்கைச் சிலர் குறைவு என்பார்கள். தோனி விளையாடிய அதே காலத்தில் இன்னொரு கீப்பர் அத்தனை ஆட்டங்கள் ஆடியதை நாங்கள் குறைவு என்று நினைக்கவில்லை.

படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரம் ஆடலாமா?

வேண்டாம். ரயில்வே, வருமான வரித்துறை போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகின்றன, அதற்கும் கல்வித் தகுதி கேட்பார்கள். தோனியே கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர்தான். ஆட்டம் முடிந்த பிறகும் இத்துறையிலேயே இருக்க விரும்புவோருக்குக் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. நடுவர் தேர்வு, பயிற்சியாளர் சான்றிதழ், தமிழ் வர்ணனை ஆகியவையும் உண்டு. கிரண் மோரேயும் எம்.எஸ்.கே. பிரசாத்தும் இந்தியத் தேர்வுக் குழுத் தலைவர்களாக இருந்தவர்கள். ஆட்டத்தை நாள் முழுவதும் எதிரிலிருந்து பார்த்தவர்களின் கண்ணுக்கு அந்த வேலை பொருந்துவதில் வியப்பில்லை.

பெண் பிள்ளைகளுக்கு வாய்ப்பு உண்டா?

நிச்சயமாக உண்டு, இன்றைய நிலையில் போட்டியும் சற்றுக் குறைவு. பக்கத்து மதுரையைச் சேர்ந்த கீப்பர் ஜி. கமலினியை 2024 டிசம்பரில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில், அவருக்கு 16 வயதாக இருக்கும்போதே, மும்பை அணி 1.60 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த மாதமே தொடங்கிய 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். ஊரில் பெண்களுக்குத் தனி அணி இல்லையென்றால் பையன்களோடு சேர்ந்து நெட்ஸில் நிற்கட்டும். எங்களிடம் வரும் பெற்றோர் தயங்குவது பெரும்பாலும் பயணத்தை எண்ணித்தான். மாவட்ட முகாமுக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே வேனில் போய்வருவது இப்போது வழக்கமாகிவிட்டது.

தேர்வு நாளில் எதைக் கொண்டு செல்ல வேண்டும்?

பிறப்புச் சான்றிதழின் மூலமும் நகலும், ஆதார், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, புகைப்படங்கள். வயதைக் குறைத்துக் காட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்: 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கிறார்கள், போலிச் சான்று கொடுத்தவருக்கு இரண்டு ஆண்டுத் தடை உண்டு. சொந்தக் கிளவுஸ், இரண்டு ஜோடி இன்னர், விரலில் சுற்றும் டேப், ஹெல்மெட், கால் பேட் ஆகியவற்றோடு பேட்டிங் கிட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கீப்பர் என்று பதிவு செய்தவர்களையும் பேட்டிங்குக்கு அழைப்பார்கள், பெரும்பாலும் மதியத்துக்கு மேல், கால்கள் சோர்ந்திருக்கும் நேரத்தில்.